புல்பூண்டு என்று எழுதினார்கள்

இன்று காலை காபிக்குப் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவோடு சேர்ந்து பூண்டு வாசனையும் வெளியே வந்தது. முட்டை வைக்கிற தட்டில் முட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய விதைப்பூண்டு உட்கார்ந்திருக்கிறது. அம்மா பின்னால் வந்து நின்று மூக்கைச் சுளித்தாள். போன வருடம் இதே வாசனைக்காக உன்னோடு மல்லுக்கு நின்றவள், இந்த முறை பாலை மோந்து பார்த்துவிட்டு அடுப்பில் வைத்தாள்.

பால் காய்வதற்குள் போன் அதிர்ந்தது. தெரு நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. மழைக்காலம் நெருங்குகிறதாம், டெங்கு எச்சரிக்கையாம். "வீட்டைச் சுற்றிலும் புல்பூண்டுகள் வளர விடாதீர்கள். நம் தெருவில் நடந்ததை மறக்க வேண்டாம்." கீழே ஒரு படம். உன் பாத்தி. போன வருடம் எங்கள் மதில் மேல் கையை நீட்டி எடுத்த படம். வரிசையாகப் பச்சைத் தாள்கள், மூலையில் சுருட்டி வைத்த நீலத் தார்ப்பாய், செங்கல் விளிம்பில் நீ கழற்றிப் போட்ட ரப்பர் செருப்பு. நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அங்கேயே விட்டுப்போன செருப்பு.

நம் தெருவில் நடந்தது என்றால் நீதான். உன் பெயரைக்கூட எழுதவில்லை. பாடம் படிக்க, பிள்ளைகளைப் பயமுறுத்த, மழைக்கு முன்னால் எடுத்துக் காட்ட ஒரு "நடந்தது" ஆகிவிட்டாய். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து எழுதுகிற மடல் சாந்தமாக இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு நினைப்பு எனக்கும் இருந்தது. இல்லை. சாந்தம் வரவில்லை.

சாரம் பகுதியில் எங்கள் வீட்டு மாடிக்கு நீ குடிவந்தபோது உன்னிடம் ஒரு கட்டிலும் மூன்று அட்டைப்பெட்டிப் புத்தகங்களும்தான் இருந்தன. பகலில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பாய். சாயங்காலம் எங்கள் மாடிப்படிக்குக் கீழே பிள்ளைகளுக்கு டியூஷன். அப்பாவோ அம்மாவோ பிரான்ஸில் இருக்க, விசா வரும்வரை இங்கே காத்திருக்கிற பிள்ளைகள். நான் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். படிப்பதுபோல் இருக்கும், உண்மையில் உன் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

காய்கறிப் பாடம் நடந்த சாயங்காலம் நினைவிருக்கிறதா? காரட், வெங்காயம் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பூண்டு வந்தது. பிரெஞ்சில் அது "ஆய்". நீ வாயைத் திறந்து "ஆய்" என்றதும் மாடிப்படியே அதிர்ந்தது.

"மிஸ், எங்க தம்பி தெனமும் காலையில போறான். அதையும் எழுதிக்கட்டுமா?"

"மிஸ், இதுல இன்னா குழம்பு வெப்பாங்க?"

முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தாய். முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு வந்து, "சரி, முழுப் பூண்டுக்கு 'தெத் தாய்'. பூண்டோட தலைன்னு அர்த்தம். இப்ப தாயைப் பாத்து யாரு சிரிக்கறீங்க, பாப்போம்" என்றாய். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் ஒரு பெண் கை தூக்கினாள். "மிஸ், பூண்டு செடியில காய்க்குமா, மண்ணுக்குள்ள இருக்குமா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் படித்த இரண்டு பேர், ஒரு பூண்டுச் செடியை நேரில் பார்த்ததில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்திலிருந்து உன் அம்மா வந்தார், கையில் டிபன் டப்பா. திறந்தால் உள்ளே மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று உரித்த பூண்டு. விதைப்பதற்காம்.

"உரிச்சே கொண்டாந்துட்டேன். தோலோட பொதைச்சா அது எப்படிம்மா மூச்சு உடும்?"

நமக்கும் அது சரியென்றே பட்டது. மதிலோரம் தரையோடு தரையாகப் பள்ளம் பறித்து, ஒவ்வொரு பல்லாக வைத்து மூடினோம். உன் அம்மா வாரம் தவறாமல் வந்து, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தபோது விரலில் கூழாக ஒட்டியது. அந்த நாற்றம் தெருக்கோடி வரை போனது. "ஊறுகா போட்டிருந்தாகூட உருப்பட்டிருக்கும்" என்றார் உன் அம்மா. கெடுத்தது தானல்ல, பூண்டுதான் என்கிற மாதிரி.

பிறகு நீ தேடிப் படித்தாய். தோலோடு வைக்க வேண்டும், கூர்ப்பக்கம் மேலே இருக்க வேண்டும், எல்லாவற்றையும்விட, தேங்கின தண்ணீர் ஆகவே ஆகாது. "பூண்டுக்குக் கால் நனையக் கூடாதுடீ" என்பாய். பூனையைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும்.

அடுத்த முறை மலைப்பூண்டு வாங்கி வந்தாய். அது குளிரில் வளர்வது. நம் ஊர்க் காற்றில் தாள் விடும், கிழங்கு பிரியாது. அதனால் விதைக்குமுன் சில வாரம் குளிர் காட்ட வேண்டும் என்றாய். மாடியில் உனக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது. எங்கள் முட்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் அம்மா காபி டம்ளரோடு மாடிப்படியில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏ பொண்ணே, இது காபியா, ரசமா?"

"ஆன்ட்டி, குளிரு படலன்னா பல்லு பிரியாது ஆன்ட்டி."

"அப்ப ஊட்டிக்கு அனுப்பி வையேன். என் ஃப்ரிட்ஜ்தான் கெடச்சுதா?"

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த இடைவெளியில் பாத்தி கட்டினாய். இதைத்தான் இந்தத் தெருவில் யாரும் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திய மேட்டுப்பாத்தி. பாதிக்குப் பாதி ஆற்று மணல். சுற்றிலும் செங்கல், செங்கலுக்கு நடுவே தண்ணீர் வெளியேற இடைவெளி. பாத்தியைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, அதைத் தெருச் சாக்கடை வரை சாய்வாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாய். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"எங்கம்மாவுக்குத்தான்" என்றாய். "ஊத்தாதன்னா கேக்க மாட்டாங்க. நான் ஸ்கூல்ல இருக்கற நேரம் பாத்து ஊத்துவாங்க. அவங்களை நிறுத்த முடியாது. தண்ணியையாவது வெளிய அனுப்பிடலாம்."

சொல்லிவிட்டு ஒரு குடம் தண்ணீரைப் பாத்தியில் கவிழ்த்தாய். அது மணலில் இறங்கி, செங்கல் இடுக்கில் கசிந்து, வாய்க்காலில் ஓடி மறைவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். நீ கையைத் தட்டினாய். நான் அதைப் பார்த்தேன். என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

இந்தப் பக்கம் அது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது? பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடம். அதன் லிஃப்டுக்காகத் தோண்டிய குழி. முதல் மழையிலேயே நிரம்பிவிட்டது. தெளிந்த தண்ணீர், மேலே சிமென்ட் சாக்கு மிதக்கும், கீழே புழு நெளியும். மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் நாம் பார்த்த குழி. கட்டடம் சங்கத்துச் செயலாளரின் மருமகனுடையது என்பது தெருவுக்கே தெரியும். அதனால்தான் குழி மட்டும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

நீ படம் எடுத்துக் குழுவில் போட்டாய். மரியாதையாக, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாய். தண்ணீரை இறைத்துவிடச் சொல்லுங்கள் சார், பிள்ளைகள் டியூஷனுக்கு வருகிறார்கள் என்று. பதிலாக ஒருவர் கைகூப்பினார். ஒருவர் சூரிய உதயப் படம் போட்டு இனிய காலை வணக்கம் சொன்னார். அவ்வளவுதான். அந்த வாரமே வாசலில் உன்னைப் பிடித்துக்கொண்டார் செயலாளர்.

"ஏம்மா, ஊரு குறை சொல்றதுக்கு முன்னாடி உன் வீட்டாண்ட இருக்கற புல்லு பூண்டை எடு. கொசு அங்கதான் அடையும்."

"புல்லு இல்ல சார். வெறும் பூண்டுதான்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

மாடிக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். "ரெண்டும் ஒண்ணாம்டீ. நாளைக்கு ரசத்துல அருகம்புல்லைத் தட்டிப் போடறேன், குடிக்கச் சொல்லு அவரை" என்றாய். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இருந்தது.

பூண்டு முளைத்தது. பச்சை ஊசிபோல ஒவ்வொன்றாக மேலே வந்தது. வகுப்பில் கை தூக்கிக் கேட்ட அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து, மண்ணை விரலால் விலக்கி, "பாத்தியா, மண்ணுக்குள்ளதான்" என்று காட்டினாய். தாள்கள் ஒரு சாண் உயர்ந்தபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையில் தணியவில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு என் ஸ்கூட்டியில்தான் வந்தாய், என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு. உடம்பின் சூடு என் சட்டைக்குள் இறங்கியது. அங்கே டெங்கு என்றார்கள், எல்லாரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின.

நீ தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு இது:

"மழை வருதாடீ?"

"வருது."

"தார்ப்பாய் போட்டியா? வேர்ல தண்ணி நிக்கப் போவுது."

போட்டேன். அன்று போட்டேன், அடுத்த நாளும் போட்டேன். அதற்கடுத்த நாள் நீ இல்லை.

அரியாங்குப்பத்தில் உன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சங்கத்தின் சார்பில் மாலையோடு வந்தார் செயலாளர். மாலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"படிச்ச பொண்ணு. தோட்டம் தோட்டம்னு வீட்டாண்ட தண்ணியைத் தேக்கி வச்சுது. சொன்னேன், கேக்கல. அந்தத் தண்ணியே எமனாப் போச்சு."

உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அழுகை சட்டென்று நின்றது. மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

எந்தக் கொசு, எந்த இடத்தில், எப்போது கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளியில் கடித்திருக்கலாம், பஸ் நிறுத்தத்தில் கடித்திருக்கலாம். நானும் அதைத்தான் சொல்கிறேன். தெரியாது. ஆனால் தெரியாது என்ற ஒரு சொல்லை இந்தத் தெருவில் ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வீடு வந்து சொன்னார்கள். தனியாக இருந்த பெண் என்றார்கள். சும்மா இருக்கத் தெரியாதவள் என்றார்கள். ஒருத்தி செத்துப்போனால் முதலில் அவள் செய்த தப்பைத்தான் தேடுகிறார்கள். அது கிடைத்துவிட்டால் நிம்மதி. தங்கள் வீட்டுக்கு அது வராது. உன் பாத்தி அவர்களுக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது.

உன் காரியம் முடிவதற்குள் அந்தக் குழியில் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். நீ கேட்டபோது நேரமில்லாத மோட்டார், நீ போனதும் ராப்பகலாக ஓடியது. பிறகு சிமென்ட் பூசினார்கள். இப்போது அங்கே லிஃப்ட் போகிறது, வருகிறது. குழி இருந்ததற்கு அடையாளமே இல்லை. மிச்சம் இருந்தது பாத்திதான். அதையும் எடுக்க வந்தார்கள்.

மார்கழியில் ஒரு காலை, செயலாளர் மண்வெட்டியோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார். நான் வாசலுக்கு வருவதற்குள் அம்மா போய்விட்டாள், கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு.

"இன்னா சார், காலங்காத்தால?"

"ஒண்ணுமில்லம்மா. உங்களுக்கு எதுக்குச் செரமம்னு நாங்களே சுத்தம் பண்ணிடலாம்னு. அந்தப் பொண்ணு உட்டுட்டுப் போன புல்லு பூண்டு..."

"உட்டுட்டுப் போனது எங்க ஊட்ல. நான் கூப்ட்டனா உங்களை?"

"கோவப்படாதீங்க. பொது நன்மைக்குத்தான்."

"பொது நன்மை அந்தாண்ட குழியில மெதந்துச்சே, அப்ப எங்க சார் போயிருந்தீங்க? எங்க ஊட்டு மண்ணுல யாரு கை வச்சாலும் இந்தக் கிண்ணம் மூஞ்சியில கவுந்துடும், சொல்லிட்டேன்."

மண்வெட்டிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்வாங்கினார். உன் பூண்டால் காபி கெட்டது என்று கத்திய அதே அம்மா. உள்ளே வந்து, "எல்லாம் அவளால. செத்தும் என்னைச் சண்டைக்கு இழுக்கறா" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைப் பிடித்தபடியே அழுதாள்.

தை பிறந்ததும் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். போன் செய்தால் எடுப்பதில்லை. வீட்டு வாசலில் அவர் ஆசையாக வளர்த்த கனகாம்பரத் தொட்டிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ரோஜா குச்சியாக நின்றது. காக்கைக்குத் தண்ணீர் வைக்கிற சட்டியைக்கூடக் காணோம். என்னைப் பார்த்ததும் ஏதோ காத்திருந்தவர்போலச் சொல்லிவிட்டார்.

"நாந்தான் பாப்பா ஊத்தினேன். அவ வேணாம்னு தலையில அடிச்சுக்கினு சொன்னா. அவ இல்லாத நேரம் பாத்து ஊத்தினேன். நான் ஊத்தின தண்ணிதான் அவளைக் கொண்டு போச்சு."

அந்தக் கைகளை அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு மனிதர் தன் மருமகனின் குழியை மறைக்க, துக்க வீட்டில் உட்கார்ந்து அலட்சியமாகச் சொன்ன ஒரு வாக்கியம், பெற்றவளின் கையில் கொலைப்பழியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மணல், சாய்வு, வாய்க்கால், கொசு வளர நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்பது. பொறுமையாகக் கேட்டார். "நீ படிச்சவ. ஆறுதலுக்கு நாலு வார்த்தை சொல்ற" என்று என் தலையைத் தடவினார். என் வார்த்தைகள் எதுவும் அவரைத் தொடவில்லை. சொல்லால் வந்த பழி சொல்லால் போகவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, பாலத்தின் மேல், உன் குரல் நினைவுக்கு வந்தது. பூண்டுக்குக் கால் நனையக் கூடாதுடீ. உன் அம்மா நம்பக்கூடிய சாட்சி ஒன்று இன்னும் மண்ணுக்குள் இருந்தது. தண்ணீர் நின்றிருந்தால் பூண்டு அழுகியிருக்கும். முதல் முறை அழுகியதைத் தன் விரலால் தொட்டவர் அவர். அழுகாததையும் அவர்தான் தொட வேண்டும்.

அதன் பிறகு அந்தப் பாத்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம். மேலே தாள் பச்சையாகத்தான் இருந்தது, உள்ளே என்ன இருக்கிறதோ. அழுகியிருந்தால்? தை மாதத்தில் ஒருநாள் காலம் தவறி மழை பெய்தபோது ஈரத் தலையோடு ஓடிப்போய்த் தார்ப்பாயை விரித்தேன். பிடுங்கிப் பார்த்துவிடலாமா என்று எத்தனையோ முறை கை நீண்டது. மாசி முடியட்டும், தாள் பழுக்கட்டும் என்று இருந்தேன்.

பழுத்துச் சாய்ந்தது. முதல் செடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். வந்தது. கோலிக்குண்டு மாதிரி ஒரே உருண்டை. பல்லே பிரியவில்லை. அடுத்ததும் அப்படியே. எங்கள் ஃப்ரிட்ஜின் குளிர் போதவில்லை போலிருக்கிறது. ஏழெட்டுச் செடியில் மட்டும் கோணல்மாணலாக மூன்று நான்கு பல் இருந்தது. நீ இருந்திருந்தால் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பாய். ஆனால் ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூட, அழுகவில்லை. கல் மாதிரி கெட்டி. வெள்ளைத் தோல் முறுக்கிக்கொண்டு, மண்ணை உதறினால் பளிச்சென்று இருந்தது.

"இதுக்கா என் பாலை நாற அடிச்சீங்க?" என்றாள் அம்மா. பிறகு அவளே அவற்றைக் கொத்துக் கொத்தாகக் கட்டி மாடிப்படிக் கம்பியில் நிழலில் தொங்கவிட்டாள், உன் வகுப்பு நடந்த இடத்துக்கு நேர் மேலே.

காய்ந்ததும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மா கையை நீட்டவில்லை.

"எதுக்குப் பாப்பா கொண்டாந்த? எனக்கு வேணாம்."

"நீங்க தண்ணி ஊத்தின செடி ஆன்ட்டி. தொட்டுப் பாருங்க."

உள்ளே போய் முறத்தை எடுத்துவந்து நானே கொட்டினேன். உருண்டைகள் ஓடின.

"போன தபா எப்படி இருந்துச்சு ஆன்ட்டி, ஞாபகம் இருக்கா?"

"கூழு மாதிரி."

"இது?"

ஒன்றை எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தினார். இன்னொன்றை எடுத்து அழுத்தினார். பிறகு முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல், கடைசி உருண்டை வரை அழுத்திப் பார்த்தார்.

"எல்லாம் கெட்டியா இருக்கே."

"தண்ணி நின்னிருந்தா?"

பூண்டைப் பார்த்துச் சொன்னார். "கூழாயிருக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நான் ஊத்தினதெல்லாம்?"

"வடிஞ்சு ரோட்டுச் சாக்கடைக்குப் போயிடுச்சு. நீங்க திருட்டுத்தனமா ஊத்துவீங்கன்னு தெரிஞ்சுதான் உங்களுக்குன்னே வாய்க்கா வெட்டினா. என்கிட்டயே சொன்னா."

"தெரியுமா அவளுக்கு?" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் உடைந்தது. "கள்ளி. தெரியாத மாதிரியே இருந்தாளே. ஒரு வார்த்த கேக்கலையே." முறத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். உன் உடம்பின் பக்கத்தில் பாதியில் நின்றுபோன அழுகை அன்றுதான் மீதியும் வெளியே வந்தது.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகம் வேறு முகமாக இருந்தது. கண் சிவந்து, தாடை இறுகி, நீ கோபப்படும்போது இருப்பதுபோல.

"அப்ப எந்தத் தண்ணிடீ?" என்றார்.

அதுவரை என்னை அவர் டீ போட்டுப் பேசியதில்லை.

அந்தக் கேள்வியைத்தான் இத்தனை மாதமாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். நீ படம் எடுத்துப் போட்டபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. துக்க வீட்டில் நான் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்றும் சிலர் சொல்வார்கள். அதைவிட, அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் தன்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒருவரும் கேட்கவில்லை. பெற்றவள் கேட்டாள்.

அந்தக் குழுவில் நான் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை என்பது உனக்குத் தெரியும். என்னை வாயில்லாப்பூச்சி என்று கேலி செய்வாய். இன்று அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து எழுதினேன். உன் பாத்திப் படத்துக்குக் கீழே, முறத்தில் கிடக்கும் உருண்டைகளின் படத்தைப் போட்டேன். "இது புல்பூண்டு அல்ல, பூண்டு. தண்ணீர் நின்றால் இது அழுகிவிடும். ஒன்றுகூட அழுகவில்லை. அப்படியானால் எந்தத் தண்ணீர் என்று அவள் அம்மா கேட்கிறார்." அதன் கீழே உன் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதினேன். "நடந்தது" இல்லை, ஒரு பெண் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

படித்தவர்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போனது. பிறகு யாரோ ஒருவர் சூரிய உதயப் படம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, உன்னுடைய சிரிப்பு. மத்தியானம் பழைய எச்சரிக்கையும் உன் செருப்புப் படமும் அங்கே இல்லை. அழித்துவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. வரும் என்று நான் நினைக்கவுமில்லை. என் கேள்வி மட்டும் அங்கேயே இருக்கிறது. அதையும் அழித்தாலும், படித்துவிட்டதை அவர்களால் அழிக்க முடியாது.

பல் பிரியாத உருண்டைகளை மறுபடி விதைத்தால் அடுத்த முறை பிரியக்கூடும் என்று உன் புத்தகம் ஒன்றில் பார்த்தேன். அதனால் பாதியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மீதியை முட்டைத் தட்டில் வைத்திருக்கிறேன். ஐப்பசியில் மழை ஓய்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வருகிறார். போனில் தானாகவே சொன்னார், "உரிக்க மாட்டேன் பாப்பா, தோலோடவே கொண்டாறேன்" என்று. கனகாம்பரத் தொட்டிகளை நிமிர்த்திவிட்டாராம்.

தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்றும் சொன்னார். அதை நான் நம்பவில்லை. மதிலோரம் வாய்க்காலை நேற்றே ஆழமாக்கி, சாக்கடை வரை சாய்வு சரிபார்த்து வைத்துவிட்டேன். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஊற்றுவார். தெரியாத மாதிரியே இருப்பேன்.